பால் மறத்தலும் சோறு பழக்கலும்



இச்சொற்பொழிவு வரிசையில் எனக்கு முன் பேசியவர்கள் கல்வெட்டையும் இலக்கணத்தையும் இதழியல் வரலாற்றையும் எடுத்துக்கொண்டார்கள். நான் பல் முளைக்காத குழந்தையின் வாயில் வைக்கும் முதற் கவளத்தைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னபோது, ஏற்பாட்டுக் குழுவிலிருந்த நண்பர் ஒருவர், “இது தாதியர் பயிற்சிக்குரிய பொருளாயிற்றே” என்று சிரித்தார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆயினும் ஆங்கிலச் சொல் ஒன்றை நான் பிழையாகத் தமிழாக்கியதால் ஒரு குழந்தை பட்ட பாட்டை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக மனத்தில் சுமந்து வருகிறேன். அப்பிழையை விளக்க வேண்டுமாயின் அச்சொல்லின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். நம்மவர் இந்நாட்டில் தம் குழந்தைகளுக்கு எதை, எப்போது, எப்பெயரால் ஊட்டினர் என்பதையும் சொல்ல வேண்டும்.

குழந்தை தாய்ப்பாலை விடுவதற்கு ஒவ்வொரு மொழியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. மலாய் மொழியில் ‘செராய் சூசு’ என்பர். ‘செராய்’ என்பது மணமுறிவுக்கும் வழங்கும் சொல். மாண்டரின் மொழியில் ‘துவான் நாய்’, அதாவது பாலை அறுத்தல். தமிழில் ‘பால் மறத்தல்’. தாயின் செயலாகக் கூறும்போது ‘பால் மறக்கடித்தல்’. மலாய்க்காரர் பிரிவென்றும் சீனர் அறுப்பென்றும் கண்ட ஒன்றை நாம் மறதியென்று கண்டிருக்கிறோம். வேப்பிலையை அரைத்து மார்பில் தடவிக்கொள்வதும், குழந்தையைச் சில நாள் பாட்டியிடம் படுக்கவைப்பதும் அம்மறதியை வருவிக்கும் உபாயங்கள். ஆங்கிலச் சொல்லைப் பின்னர்க் காண்போம்.

இங்கே கருத வேண்டியது ஒன்று உண்டு. பால் மறத்தல் ஒரு காலப்பகுதியின் முடிவு. அதன் தொடக்கத்துக்குத் தமிழில் முற்றிலும் வேறான பெயர் உண்டு: சோறூட்டல். இரண்டிற்கும் இடையே ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ செல்லும். அக்காலம் முழுவதும் குழந்தை பாலும் குடிக்கும், சோறும் உண்ணும். தொடக்கத்தையும் முடிவையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கவில்லை. இதை மனத்தில் கொண்டால் பின்னர் வருவன விளங்கும்.

‘ஊட்டு’ என்பது ‘உண்’ என்பதன் பிறவினை. ‘அருந்து’ என்பதற்கு ‘அருத்து’ உண்டு. ‘தின்’ என்பதற்கோ ‘தீற்று’ என்னும் பிறவினை உண்டு. தமிழகப் பேச்சில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘தீத்துதல்’ என உயிரோடு இருக்கிறது. ‘பிள்ளைக்குச் சோறு தீத்தினேன்’ என்று சொல்லும் யாழ்ப்பாணத்து அன்னையர் பிரிக்பீல்ட்சிலும் செந்தூலிலும் இருந்தனர். மலாயா இருப்புப்பாதை அலுவலகங்களுக்கு எழுத்தராக வந்தவர்களின் மனைவியர் அவர்கள். எங்கள் தோட்டத்துப் பெண்களோ ‘ஊட்டிவிடு’ என்றனர். மலையாளத்தார் முதற் சோற்றுச் சடங்கைச் ‘சோறூண்’ என்பர். அந்தக் கூட்டுச்சொல்லில் சோறும் ஊணும் ஆகிய இரண்டும் நம் சொற்களே. வடமொழி ‘அன்னப்பிராசனம்’ கோயில் அழைப்பிதழில் இடம்பெறும். வீட்டுத் திண்ணையில் அதைச் சொல்வார் இல்லை.

குழந்தையின் வாயில் பிறக்கும் சொற்களையும் விட்டுவிடலாகாது. தமிழ்க் குழந்தைக்குச் சோறு ‘மம்மு’, பருப்பு ‘பப்பு’. மலாய்க் குழந்தைக்கும் உண்ணுதல் ‘மம்’ அல்லது ‘மமம்’. மொழியியலறிஞர் ரோமன் யாக்கப்சன், குழந்தை பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருக்க மூக்கின் வழியே எழும் முனகலே இம்மகர ஒலியின் ஊற்று என்றும், பின்னர் அது பசியையும் உணவையும் உணவளிப்பவளையும் குறிக்கலாயிற்று என்றும் விளக்கினார். அவ்வாறாயின் பாலின் ஒலியே சோற்றின் பெயராகவும் ஆகிறது.

இலக்கியத்தில் குழந்தை உண்ணும் காட்சிகள் உண்டு. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாட்டில், குறுகுறு நடையோடு வரும் குழந்தை நெய்யிட்ட உணவைத் தொட்டும் வாயால் கவ்வியும் கையால் துழாவியும் உடலெங்கும் பூசிக்கொள்கிறது. திருக்குறளில் மக்கட்பேறு கூறும் அதிகாரத்தில் வரும் ‘கூழ்’ அக்காலத்தில் உணவுக்குரிய பொதுச்சொல். இன்று நாம் கருதும் கேழ்வரகுக் கூழன்று. இரு புலவரும் தானே அள்ளித் தின்னும் வயதுக் குழந்தையைத்தான் கண்டனர். முதல் கவளம் வாங்கும் ஆறு மாதக் குழந்தை இவ்விரு பாட்டிலும் இல்லை. பிள்ளைத்தமிழின் வழக்கமான பத்துப் பருவங்களிலும் சோறூட்டலுக்கென ஒரு பருவம் இல்லை. அம்புலிப் பருவத்தில் நிலவை விளையாட அழைக்கிறார்கள். வீட்டிலோ அந்நிலவு சோறூட்டுவதற்கான தூண்டில். புலவர் நிலவை வைத்துக்கொண்டு சோற்றுக் கிண்ணத்தைப் பெண்களிடமே விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆகவே இவ்வரலாற்றை ஏட்டில் தேடுவதினும் வழக்கில் தேடுவதே நன்று. பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரை நீரோ தேனோ தொட்டுவைப்பது ‘சேனை வைத்தல்’. சேனை வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. அதில் வாதிட ஒன்றுமில்லை. ஆறாம் மாதத்தில் சோறூட்டல். ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதமும் பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதமும் கொள்வது வழக்கு. யாழ்ப்பாணத்தாரிடம் பல் முளைத்ததும் ‘பல்லுக்கொழுக்கட்டை’ உண்டு. சிறு கொழுக்கட்டைகளைக் குழந்தையின் தலைமேல் சொரிந்து கொண்டாடுவர்.

உலக நலவாழ்வு நிறுவனம் முன்னர் நான்கு முதல் ஆறு மாதம் வரை என்று கூறிவந்ததை மாற்றி, 2001ஆம் ஆண்டில் ஆறு மாதம் முடியத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று அறிவித்தது. இது சடங்கு நூல்களின் ஆறாம் மாதத்தோடு ஒத்திருப்பதைச் சுட்டி நம்மவர் மேடைதோறும் பெருமிதம் கொள்கின்றனர். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியதுண்டு. இப்போது பேசுவதில்லை. தாய்மாமன் மடியில் வைத்து ஊட்டும் ஒரு வாய் நெய்ச்சோறு வேறு. மறுநாள் முதல் நாள்தோறும் இருவேளை ஊட்டும் குழைசோறு வேறு. சடங்கை ஆறாம் மாதத்தில் முடித்துவிட்டு, “செரிக்காது” என்று ஆண்டு நிறையும்வரை பாலிலேயே வைத்திருந்த வீடுகள் பல. ஆறு மாதத்துக்கு மேல் பால் மட்டும் குழந்தையின் வளர்ச்சிக்குப் போதாது. முக்கியமாக இரும்புச்சத்துப் போதாது.

இனி, உணவைப் பார்ப்போம். இன்று நம் குழந்தைநல நிலையங்களில் ‘திட உணவு’ என்ற தொடர் வழங்குகிறது. ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்தது அது. ஆறு மாதக் குழந்தைக்குத் திடமான எதையும் எந்தத் தாயும் கொடுப்பதில்லை. தமிழ்ச் சமையலறை உணவைத் திடம், திரவம் என்று இரண்டாகப் பிரித்ததும் இல்லை. பதம் பார்த்தே பெயரிட்டது. கஞ்சித் தெளிவு, கஞ்சி, கூழ், குழைசோறு, பருப்பிட்டுப் பிசைந்த சோறு என்று படிப்படியாகக் கெட்டியாகிக்கொண்டே போகும் அந்த வரிசையே குழந்தையின் உணவு அட்டவணையாகவும் இருந்தது. மசித்தல், குழைத்தல், பிசைதல், கடைதல் ஆகிய வினைகள் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கத்தக்கவையல்ல. பருப்பைக் கடைவார்கள், சோற்றைப் பிசைவார்கள், கிழங்கை மசிப்பார்கள். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்து, விரல்தோறும் சோறு வைத்து, இறுதியில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு உங்கள் எல்லார்க்கும் தெரியும். உணவு வருமுன் உணவின் சொற்கள் குழந்தையின் கைமேல் வந்துவிடுகின்றன.

‘கஞ்சி’ என்னும் சொல் நெடும்பயணம் செய்தது. போர்த்துகீசியர் வழியாகச் சென்று ஆங்கிலத்தில் ‘காஞ்சி’ ஆயிற்று. இன்று சிங்கப்பூர்ச் சீன உணவகத்தின் ஆங்கிலப் பட்டியலில் அரிசிக் கஞ்சிக்கு அச்சிட்டிருக்கும் பெயர் நம் சொல்லின் பேரப்பிள்ளை. மலாய்க்காரரின் ‘பூபோர்’, சீனரின் கஞ்சி, நம் குழைசோறு என மூவினக் குழந்தைகளும் இந்நாட்டில் முதலில் உண்டது அரிசியைத்தான். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, துணியில் வடித்துப் பாலெடுத்துக் காய்ச்சும் முறையையும் நம் பெண்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தனர். முளைகட்டிய தானியத்தின் மாவு, காய்ச்சும்போது அவ்வளவாக இறுகாது. அதனால் சிறு வயிற்றுக்குள் கூடுதலான உணவைச் செலுத்தலாம். இது பிற்காலத்தார் ஆய்ந்து சொன்ன விளக்கம். எங்கள் பாட்டிமார்க்கு, “முளைகட்டினால் இளகும்” என்பதே போதுமாயிருந்தது.

அரிசியைப் பற்றி ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது மருத்துவ வரலாற்றில் மலாயாத் தமிழர்க்கு உள்ள இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஈயச் சுரங்கங்களிலிருந்த சீனத் தொழிலாளர் மாண்டனர். தோட்டங்களிலிருந்த தமிழரிடம் அந்நோய் அரிதாயிருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் அரிசிதான் என்று 1907இல் ஒரு நூலே எழுதினார். சீனர் உண்டது தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெச்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி இருவகை அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பலர் நோயுற்றனர். புழுங்கலரிசிப் பிரிவில் நோய் புதிதாகத் தோன்றவில்லை. அடுத்து பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் 1909இல் வெளியிட்ட ஆய்வு, தீட்டும்போது அரிசியிலிருந்து போய்விடும் ஏதோ ஒரு பொருளே காரணம் என்பதை உறுதிசெய்தது. அப்பொருள் பி1 உயிர்ச்சத்து என்று பின்னர்த் தெரிந்தது. நெல்லை அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. தாயின் உணவில் அது குறைந்தால் அவள் பாலிலும் குறையும். அவள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே பால்குடிக் குழந்தை மாய்ந்துவிடும். புழுங்கலரிசிச் சோறுண்ட தாயின் பாலும், அவ்வரிசிக் கஞ்சியும் எத்தனை குழந்தைகளைக் காத்தன என்று எண்ணிச் சொல்ல இயலாது. பச்சரிசிக்கு மாறுவதை நாகரிகமாகக் கருதிய குடும்பங்களும் தோட்டத்தில் இருந்தன என்பதையும் மறைக்கலாகாது.

தோட்டத்தில் ‘பால்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள். இரப்பர் மரம் பால்மரம். அதில் வடிவது பால். அது சொட்டும் கிண்ணம் ‘மங்கு’, மலாய் மொழியிலிருந்து நாம் பெற்ற சொல். இருள் பிரியுமுன் ‘பெரட்டு’க்குப் பெயர் கொடுத்துவிட்டுத் தீம்பாருக்குப் போகும் பெண், மரத்தைச் சீவி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்ப நண்பகலாகிவிடும். மரத்தின் பால் உறையுமுன் எடுக்க வேண்டும். ஆகையால் அவள் இடையில் வர இயலாது. அதுவரை அவள் குழந்தை ஆயாக்கொட்டகையில் ஏணையில் கிடக்கும். எங்கள் தோட்டத்துப் பெண்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு: மரத்துப் பால் வாளியில், மார்புப் பால் ரவிக்கையில்.

அந்த ஆறேழு மணி நேர இடைவெளியில் நுழைந்தது டின் பால். சர்க்கரை சேர்த்த கட்டிப்பால் விலை மலிவு. திறந்துவைத்தாலும் எளிதில் கெடாது. இனிப்பாக இருப்பதால் குழந்தை மறுக்காது. ஆனால் அதில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. கொழுப்பு நீக்கிய பாலில் செய்ததாயின் கண்ணுக்கு வேண்டிய ஏ உயிர்ச்சத்தும் இராது. சிக்கனம் கருதி அதில் தண்ணீரை மிகுதியாகக் கலந்தனர். அத்தண்ணீரும் எப்போதும் கொதித்த தண்ணீராக இருந்ததில்லை.

இக்கேட்டை இந்நாட்டில் உரக்கச் சொன்னவர் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்த அவர், காலனிய மருத்துவப் பணியில் மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் இருந்துவிட்டு, 1936இல் மலாயாவுக்கு வந்தார். தாதியர்போல் உடையணிந்த பெண்கள் பிள்ளைபெற்ற தாய்மாரிடம் சென்று டின் பாலைப் பரிந்துரைத்ததைச் சிங்கப்பூரில் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டுப் பேசினார். தவறான விளம்பரத்தால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலையாகவே கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பண்டங்களின் விளம்பரத்தை நெறிப்படுத்தும் அனைத்துலக விதித்தொகுப்பு 1981இல்தான் வந்தது. இடையில் 42 ஆண்டுகள்.

மொழியியலாளன் என்ற முறையில் எனக்கு அவரிடம் வேறொரு மதிப்பும் உண்டு. ஆப்பிரிக்காவில், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம் கால் வீக்கமும் தோல் உரிதலும் முடி நிறம் மாறுதலுமாக வந்த நோயொன்றை 1933இல் விவரித்து எழுதினார். 1935இல் எழுதியபோது அதற்கு இலத்தீனிலோ கிரேக்கத்திலோ பெயர் புனையாமல், அவ்வூர்த் தாய்மார் ‘கா’ மொழியில் வழங்கிய பெயரையே இட்டார்: குவாசியோர்க்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் மடியிலிருந்து இறக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். பால் நின்று, அதற்கு ஈடாகச் சத்தற்ற மாவுக்கஞ்சி மட்டுமே கிடைத்த குழந்தையின் நோய் அது. காரணம் பெயரிலேயே இருந்தது.

இதைப் படித்தபோது தமிழிலும் அப்படியொரு சொல் இருப்பது எனக்கு உறைத்தது. அச்சொல் ‘சவலை’. தாய் மீண்டும் கருவுற்றதால் பாலிழந்து மெலிந்த குழந்தை சவலைப்பிள்ளை. அவ்வாறு மெலிவது ‘சவலை பாய்தல்’. நம் யாப்பிலக்கணத்தார் இச்சொல்லைக் கடன்கொண்டு, இரண்டாமடியில் தனிச்சீர் குறைந்து நிற்கும் வெண்பாவைச் சவலை வெண்பா என்றனர். தமிழ் மாணவன் எவனும் வெண்பாவின் சவலையை மனப்பாடம் செய்திருப்பான். குழந்தையின் சவலை எதனால் வருகிறது என்று வகுப்பறையில் கேட்டால் விடை வராது. என்னிடமும் நெடுநாள் வரவில்லை.

சவலை என்னும் சொல்லை நான் முதலில் கேட்டது வகுப்பறையிலன்று, என் தாயாரிடம். அவருக்கு என்முன் பிறந்த மூத்த மகன் ஒருவன் உண்டு. 1943இல், ஜப்பானியர் காலத்தில் பிறந்தவன். அவன் கைக்குழந்தையாயிருக்கும்போதே என் தந்தையாரைச் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டனர். அரிசி இல்லை. நாடு முழுவதும் மரவள்ளிக்கிழங்கை நம்பி வாழ்ந்த காலம் அது. தாயாருக்கு எட்டாம் மாதத்தில் பால் வற்றியது. மரவள்ளி மாவைக் காய்ச்சிக் கூழாக்கி, கிடைத்த நாளில் சிறிது கருவாட்டைச் சுட்டு நுணுக்கிப் போட்டு ஊட்டியிருக்கிறார். மரவள்ளி மாவில் பசியடங்கும். உடல் வளர்க்கும் புரதம் மிகக் குறைவு. குழந்தைக்குக் கால் வீங்கியது, முடி செம்பட்டையாகியது, அழுவதையும் நிறுத்திவிட்டானாம். “சவலை பாஞ்சிருச்சு” என்பார் தாயார். பதினான்காம் மாதத்தில் இறந்தான். மருத்துவர் எவரும் பார்க்கவில்லை. எனவே அந்நோய்க்கு நான் பெயரிடுவது முறையன்று. ஆனால் சிசிலி வில்லியம்சின் விவரிப்பைப் பல்கலைக்கழக நூலகத்தில் படித்த அன்று என்னால் மேலே படிக்க முடியவில்லை. அதே ஆண்டுகளில் அவர் சாங்கி முகாமில் கைதியாக இருந்தார். முகாமில் பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பாலில் வளர்ந்து உயிர்பிழைத்தன என்று பின்னாளில் எழுதினார். அங்கே தாய்மார் குழந்தைகளோடு இருந்தனர் என்பதை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இனி, என் பிழைக்கு வருகிறேன்.

1986ஆம் ஆண்டு. நான் முனைவர் பட்டம் பெற்று விரிவுரையாளனாகச் சேர்ந்திருந்த புதிது. குழந்தைகளின் உணவு பற்றிய துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கித் தருமாறு ஓர் அலுவலகம் கேட்டது. ஆங்கில மூலத்தில் தலைப்பிலும் உள்ளும் ‘வீனிங்’ என்ற சொல் பலமுறை வந்தது. அகராதியைப் பார்த்தேன், பால் மறக்கடித்தல் என்றிருந்தது. அதையே எழுதினேன். ‘நான்கு மாதம் முடிந்தபின் பால் மறக்கடிக்கத் தொடங்கலாம், பால் மறக்கடிக்கும் உணவாக அரிசிக் கஞ்சி கொடுக்கலாம்’ என்பதுபோல் அமைந்தது என் தமிழ். நான்கு முதல் ஆறு மாதம் என்பது அக்கால அறிவுரை. அதில் என் பங்கு ஏதுமில்லை. சந்தி பிழையில்லை, ஒற்றுப் பிழையில்லை என்று இருமுறை சரிபார்த்துக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துத் தாயாரைக் காணத் தோட்டத்துக்குச் சென்றேன். என்னையும் ஏணையில் ஆட்டி வளர்த்த ஆயா வந்திருந்தார். எழுத்தறியாதவர். முந்தானையில் முடிந்துவைத்திருந்த துண்டறிக்கையை எடுத்து நீட்டினார். “தம்பி, இது நீ எழுதுனதாமே? நாலு மாசத்துல பால மறக்கடிச்சுட்டா புள்ள அப்புறம் எதக் குடிக்கும்?”

லயத்தில் ஓர் இளந்தாய். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். அச்சில் தமிழைக் கண்டால் நம்புகிறவர். குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்ததும் துண்டறிக்கை சொன்னபடி வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டார். பிறகு நீர்த்த கஞ்சியும் டின் பாலும். இரு வாரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கொட்டகைக்கு வந்த குழந்தையின் உச்சிக்குழி ஒட்டியிருந்ததைக் கண்ட ஆயா, தாயைக் கூப்பிட்டு விசாரித்து, மார்பைக் கழுவச் செய்து, அழ அழக் குழந்தையை அங்கேயே வைத்துப் பால் குடிக்கப் பழக்கியிருக்கிறார். பால் மீண்டும் ஊறிவரப் பத்து நாள் பிடித்ததாம். மருத்துவமனைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

நான் ஆயாவிடம், “அப்படியானால் இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே வியப்பாயிருந்தது. “சோறு பழக்குறதுன்னு சொல்லுவோம். பாலு பாட்டுக்குப் பாலு. அது மறக்கறப்போ மறக்கட்டும்.”

திரும்பி வந்து, செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவத்தைத் தேடினேன். பழைய ஆங்கிலத்தில் ‘வெனியன்’. பொருள்: பழக்குதல். செருமானிய மொழியில் இன்றும் ‘கெவோனன்’ என்றால் பழக்கப்படுத்துதல். புதிய உணவுக்குப் பழக்குவதைக் குறித்த சொல், காலப்போக்கில் தாய்ப்பாலை நிறுத்துவதையும் குறிக்கலாயிற்று. தொடக்கமும் முடிவும் அங்கே ஒரு சொல்லுக்குள் விழுந்துவிட்டன. மருத்துவர்கள் தொடக்கத்தைக் கருதி எழுதியதை நான் முடிவாக மொழிபெயர்த்தேன். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தும், அகராதி காட்டிய ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலமே அறியாத ஆயா, அச்சொல்லின் வேர்ப்பொருளை அப்படியே வாய்மொழியாகச் சொன்னார். இந்தக் குழப்பத்தைப் பின்னாளில் ஆங்கிலத்தாரும் உணர்ந்தனர். நலவாழ்வுத் துறையார் அச்சொல்லைப் பெரும்பாலும் கைவிட்டு, நிரப்பும் உணவு என்று பொருள்படும் தொடரை ஆளத் தொடங்கினர்.

அலுவலகத்துக்கு எழுதினேன். விநியோகித்தவற்றைத் திரும்பப் பெற இயலாது, மறுபதிப்பில் திருத்தலாம் என்று பதில் வந்தது. மறுபதிப்புக்கென ஒரு சிறு குழு கூடியது. ‘சோறு பழக்குதல்’ என்று நான் எழுதிக் கொண்டுபோனேன். சோறு என்பது கொச்சையாக ஒலிக்கிறது என்றார் ஒருவர். சங்க இலக்கியத்தில் பயின்று வரும் சொல் என்று வாதிட்டேன், பயனில்லை. ‘அன்னம்’ வேண்டுமென்றார் மற்றொருவர். இறுதியில் ‘துணையுணவு பழக்குதல்’ என்று முடிவாயிற்று. துணை என்பது நல்ல சொல்தான். பால் இருக்கிறது, இது அதனோடு வருகிறது என்று காட்டும். ‘பழக்குதல்’ போகாமல் நின்றதே பெரிது என்று ஒப்புக்கொண்டேன். அடியில், பாலை நிறுத்த வேண்டா என்று தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்தோம்.

அச்சானதும் ஒரு படியைக் கொண்டுபோய் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். இருமுறை படிக்கச் சொன்னார். பாலை நிறுத்த வேண்டா என்ற வரியில் தலையசைத்தார். பிறகு, “எல்லாம் சரி, சோறுன்னே போட்டிருக்கலாமே தம்பி?” என்றார். குழுவின் முடிவு என்றேன். அதை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளைகள் எழுந்துவிடும் என்று கொட்டகைக்குப் போய்விட்டார்.